ஆவணப்பட இயக்குநரின் வீடியோ கலைக் கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரையரங்குக்கும் திரைவிழாக்களுக்கும் படம் செய்து பழகியவர் தன் பரிசோதனை வீடியோக்களோடு முதல்முறை கேலரிக்கு வரும்போது, அவரும் கேலரிக்காரர்களும் டெக்னீஷியன்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

ஏற்கெனவே முடித்த ஆவணப்படத்தை அப்படியே கேலரிச் சுவரில் ஓடவிட்டால் போதாதா?

ஓடவிடலாம். ஆனால் அது கேலரியில் நடக்கும் ஒரு திரையிடல், அவ்வளவுதான். திரையரங்கில் கதவைச் சாத்திவிட்டுப் படத்தைத் தொடங்குகிறோம். எதை முதலில் பார்ப்பது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்பதெல்லாம் இயக்குநரின் கையில். கேலரியில் அந்தப் பிடி பார்வையாளரிடம் போய்விடுகிறது. அவர் பதினேழாவது நிமிடத்தில் நுழைந்து இருபதாவது நிமிடத்தில் எழுந்து போவார்.

இதில் முதலில் அடிபடுவது தகவல். பேசுபவரின் பெயரும் ஊரும் திரையின் கீழே ஒரே ஒரு முறை, நான்கு விநாடி வந்து போகும். அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த அரை மணி நேரமும் அந்த முகம் யாரோ ஒருவர்தான். அடுத்து அடிபடுவது கட்டமைப்பு. எழுபது நிமிடம் அடுக்கடுக்காகக் கட்டி, கடைசியில் அவிழ்க்கும் முடிச்சுக்குக் கேலரியில் வேலை இல்லை. அவிழும் இடத்தை மட்டும் பார்த்தவருக்கு அங்கே ஒரு முடிச்சு இருந்ததே தெரியாது.

ஆவணப்படத்தில் வேரூன்றியவர்கள் இதைப் பல விதமாகக் கையாண்டிருக்கிறார்கள். ஷாந்தால் ஆகர்மான் 1993-இல் முடித்த ‘தெஸ்த்’ படத்தை 1995-இல் ஓர் அறைக்குள் 24 மானிட்டர்களாகப் பிரித்து வைத்து, தனியே 25-ஆவதாக ஒன்றைச் சேர்த்தார். அதே 1995-இல் ஹாரூன் ஃபரோக்கி இரண்டு பிம்பங்களை அருகருகே வைத்து, எடிட்டிங் மேசையில் தான் செய்யும் வேலையையே பொருளாக எடுத்துக்கொண்டார். அமர் கன்வார் 2007-இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா 12 கலைக் கண்காட்சியில் எட்டுத் திரைகளைப் பயன்படுத்தினார். எடிட்டிங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஷாட்களை இவர்கள் அக்கம்பக்கமாக வைத்தார்கள். எதை எதனோடு சேர்த்துப் பார்ப்பது என்ற வேலையில் பாதி பார்வையாளருடையது.

ஆகவே புதிதாக எடிட் செய்ய நேரம் ஒதுக்குங்கள். பழைய டைம்லைனைத் திறந்து வெட்டிச் சுருக்குவதைவிட, மூலக் காட்சிகளிலிருந்து தொடங்குவதுதான் பெரும்பாலும் வேகமான வழி.

லூப் (முடிந்ததும் தானாக மீண்டும் தொடங்கும் ஓட்டம்) எவ்வளவு நீளம் இருக்கலாம்?

விதி எதுவும் இல்லை. எங்கே நுழைந்தாலும் பிடி கிடைக்கும் படைப்பு 40 நிமிடம் ஓடலாம். தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டியது என்றால் 15 நிமிடத்துக்குள் அடக்குங்கள். அதற்கு மேல் போனால் தொடங்கும் நேரங்களை வாசலில் எழுதி வைத்து, மணிக்கணக்கோடு பொருந்தும்படி லூப்பை அமைக்க வேண்டும். 27 நிமிடப் படைப்புக்கு 3 நிமிடக் கருந்திரையும் ஒலியும் சேர்த்து 30 ஆக்கினால், ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் தொடங்குகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஓடும் நேரத்தைப் பெயர்ப்பலகையில் போடாமல் விடுவது பார்வையாளருக்குச் செய்யும் அநியாயம். இருப்பதா போவதா என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

முழுநீளத் தலைப்பும் நன்றிப் பட்டியலும் லூப்பில் வேண்டாம். நாலரை நிமிட நன்றிப் பட்டியல் ஓடும்போது நுழைபவர், படைப்பே அதுதான் என்று எண்ணித் திரும்பிவிடுவார். பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள்.

எந்த புரொஜெக்டர்? எத்தனை லூமன்?

இரண்டு கணக்குகள் போதும். ஒன்று தூரம். லென்ஸின் த்ரோ விகிதம் என்பது புரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பிம்பத்தின் அகலத்தால் வகுத்தது. 3 மீட்டர் அகலப் பிம்பம் வேண்டும், லென்ஸ் 1.2 முதல் 1.9 வரை என்றால், புரொஜெக்டர் சுவரிலிருந்து 3.6 முதல் 5.7 மீட்டருக்குள் தொங்க வேண்டும். அறையின் ஆழம் 3 மீட்டர்தான் என்றால் ஷார்ட் த்ரோ லென்ஸ் தேவை. அதில் சுவரின் சிறு மேடுபள்ளமும் கோணலாகத் தெரியும். சுவரைப் பட்டி பார்த்துத் தேய்க்காமல் அதை மாட்டாதீர்கள்.

இரண்டாவது வெளிச்சம். லூமன் என்பது புரொஜெக்டர் வெளியிடும் மொத்த வெளிச்சம். அதைப் பிம்பத்தின் பரப்பால் வகுத்தால் லக்ஸ். 3 மீட்டர் அகலம், 16:9 விகிதம் என்றால் உயரம் சுமார் 1.69 மீட்டர், பரப்பு 5 சதுர மீட்டர் சொச்சம். 5,000 லூமன் கொடுத்தால் வெள்ளைப் பகுதியில் ஏறக்குறைய 990 லக்ஸ். இப்போது புரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சுவரில் லக்ஸ் மீட்டரை வையுங்கள். 50 லக்ஸ் காட்டினால், வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 21-க்கு 1. இரவுக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் இருக்கும். அதே அறையில் கசியும் வெளிச்சத்தை 10 லக்ஸுக்குக் குறைத்தால் விகிதம் 100-க்கு 1. கூடுதல் லூமனுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஒரு திரைச்சீலையை மாட்டிப் பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பெட்டியில் அச்சிட்ட லூமன் எண் பெரும்பாலும் பச்சை தூக்கலான அதிவெளிச்ச மோடில் எடுத்தது. நிறம் சரியாக வரும் மோடுக்கு மாற்றியதும் கணிசமாக இறங்கும்.

லேசர் வகையையே கேளுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள், 8 வாரம் என்றால் 384 மணி நேர ஓட்டம். லேசரின் வெளிச்சம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20,000 மணி நேரம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. விளக்கு வைத்த புரொஜெக்டர் சில ஆயிரம் மணி நேரத்தில் விளக்கு மாற்றம் கேட்கும். வாடகைக்கு வருவது ஏற்கெனவே எத்தனை மணி ஓடியது என்பதை மெனுவில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பிம்பத்தை நேராக்க, லென்ஸையே நகர்த்தும் லென்ஸ் ஷிஃப்டைப் பயன்படுத்துங்கள். கோணலான பிம்பத்தை மின்னணு முறையில் நேராக்கும் கீஸ்டோன் திருத்தம் பிக்சல்களைத் தியாகம் செய்து செவ்வகத்தை உண்டாக்குகிறது. சப்டைட்டிலின் ஓரங்கள் மங்குவதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது?

பிம்பம் விழும் இடத்துக்கு மட்டும் பளபளப்பில்லாத வெள்ளை அல்லது இளஞ்சாம்பல். மற்ற சுவர்களும் கூரையும் அடர்சாம்பல் அல்லது கறுப்பு, அதுவும் மேட். வெள்ளை அறையில் வெளிச்சமான ஷாட் வந்தால் அது நான்கு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து தன் கறுப்பைத் தானே கெடுத்துக்கொள்ளும். தரையையும் மறந்துவிடாதீர்கள்: பளிங்குத் தரையில் பிம்பம் தலைகீழாகத் தெரியும், கம்பளம் விரித்தால் அதுவும் போகும், எதிரொலியும் குறையும்.

டிவி போதுமா, புரொஜெக்டரே வேண்டுமா?

ஒருவர் முகத்தோடு முகம் பார்க்க வேண்டிய படைப்புக்கு, ஹெட்போனோடு டிவி மிக நல்லது. உடம்பு முழுதாக உள்ளே போக வேண்டிய படைப்புக்குப் புரொஜெக்டர். சன்னலை மறைக்க முடியாத அறை என்றால் பேசிப் பயனில்லை, டிவிதான்.

வீட்டு டிவியைக் கொண்டுவந்தால் அதன் மெனுவில் சிலவற்றை அணைக்க வேண்டும். அசைவை வழவழப்பாக்கும் வசதி, கையில் பிடித்து எடுத்த காட்சியையும் சீரியல்போல் காட்டிவிடும். சில மணி நேரம் யாரும் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி, மதியத்துக்குமேல் கறுப்புத் திரையைப் பரிசளிக்கும். பிம்பத்தின் ஓரங்களை வெட்டும் ஓவர்ஸ்கேன், அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மங்கவைக்கும் சென்சார் ஆகியவையும் வேண்டாம். ஓஎல்இடி திரையில் அசையாத பிம்பமோ ஓரத்தில் நிரந்தர எழுத்தோ வாரக்கணக்கில் இருந்தால் தழும்பு விழும். அத்தகைய படைப்புக்கு எல்சிடி பாதுகாப்பானது.

பழைய 4:3 காட்சிகளை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பாதீர்கள். இருபுறமும் கறுப்பு இருக்கட்டும். பழைய கேமராவின் இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறிப் பதிவு செய்த) காட்சியைத் தட்டைத் திரையில் போடுவதென்றால் முன்கூட்டியே நல்ல மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து 50 ஃபிரேமாக எடுங்கள். அந்த வேலையை டிவியிடம் விட்டால் அசையும் கையின் ஓரத்தில் சீப்புப்பல் கோடுகள் நிற்கும்.

ஃபைலை எந்த வடிவில் கொடுக்க வேண்டும்?

டிசிபி வேண்டாம். அது திரையரங்கு சர்வருக்கானது. அதன் நிறமும் இருட்டறைக்கு ஏற்ப அமைந்தது. கேலரிக்குத் தனி எக்ஸிபிஷன் மாஸ்டர் எடுங்கள். முடிந்தால் அந்த அறையிலேயே, அந்தப் புரொஜெக்டரிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்குங்கள்.

மீடியா பிளேயருக்கு எச்.264, 1080பி, நொடிக்கு 20 முதல் 30 மெகாபிட், மாறாத ஃபிரேம் வேகம். 4கே என்றால் எச்.265, பிளேயர் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு. மாஸ்டருக்குப் புரோரெஸ் 422 எச்க்யூ. 1080பி, 25 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 83 ஜிபி ஆகும் என்பதை நினைவில் வைத்து டிரைவ் வாங்குங்கள்.

அடிக்கடி வரும் நான்கு தொல்லைகள்:

ஃபைல் காப்பி ஆகவில்லை. பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. நொடிக்கு 25 மெகாபிட்டில் 25 நிமிடமே 4.7 ஜிபி வந்துவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், பிளேயர் அதைப் படிக்குமா என்று சோதித்துவிட்டு.

பக்கவாட்டில் கேமரா நகரும் ஷாட் மட்டும் தட்டித் தட்டிப் போகிறது. 25 ஃபிரேம் படத்தைப் பிளேயர் 60 ஹெர்ட்ஸில் வெளியிடுகிறது. வெளியீட்டை 50 ஹெர்ட்ஸில் நிலைநிறுத்துங்கள். 24 ஃபிரேம் என்றால் 24 ஹெர்ட்ஸை ஏற்கும் திரையா என்று பாருங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, அல்லது நிழலில் இருக்கும் முகம் மொத்தமாக முழுகிவிடுகிறது. பிளேயர் 16–235 வரம்பில் அனுப்ப, புரொஜெக்டர் 0–255 என்று எடுத்துக்கொள்கிறது, அல்லது நேர்மாறாக. இரண்டையும் ஒரே வரம்புக்குக் கொண்டுவந்தால் நொடியில் தீரும். இதற்குப் போய் மறுபடி கலர் கிரேடிங் செய்தவர்கள் உண்டு.

எழுத்து லேசாகக் கலங்கியிருக்கிறது. புரொஜெக்டரின் பேனல் 1920×1200, படம் 1920×1080. இடையில் யாரோ பிம்பத்தை இழுத்திருக்கிறார்கள். ஸ்கேலிங்கை அணையுங்கள்.

லூப் திரும்பும் இடத்தில் ஒரு விநாடி கறுப்பும் ‘டிக்’ என்று ஒரு சத்தமும் வருகிறதே?

பிளேயர் ஃபைலை மூடித் திறக்கும் நேரம் அது. வேலைக்காக உருவான பிளேயர்கள் இடைவெளி இல்லாமல் திரும்பும். மலிவானவையும் டிவியின் யூஎஸ்பியும் திரும்பாது. சில டிவிகள் அந்த இடத்தில் ஃபைலின் பெயரையும் சேர்த்துக் காட்டும். மாற்ற முடியாவிட்டால், பத்து நிமிடப் படைப்பை டைம்லைனில் ஐம்பது முறை அடுக்கி ஒரே ஃபைலாக எடுங்கள். நாளுக்கு ஒரே ஒரு முறைதான் அந்த வெட்டு வரும், அதுவும் கேலரி மூடிய பிறகு. சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஏஏசி ஒலி. அந்த வடிவம் தொடக்கத்தில் சிறு மௌனத்தைத் தானாகச் சேர்க்கிறது. சுருக்கப்படாத பிசிஎம் ஒலிக்கு மாறினால் போய்விடும்.

மூன்று திரைகள் ஒன்றோடொன்று பொருந்தி ஓட வேண்டும். மூன்று பிளேயரையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் போதாதா?

காலையில் பொருந்தும், மாலையில் பொருந்தாது. ஒவ்வொரு பிளேயரின் கடிகாரமும் துளி வேறுபடும். பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு என்று வையுங்கள்: 8 மணி நேரத்தில் 0.58 விநாடி, அதாவது 25 ஃபிரேமில் 14 ஃபிரேம். ஒரு திரையில் கை தட்டுவதும் அடுத்த திரையில் பறவை எழுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும் என்று எடிட் செய்திருந்தால், மூடும் நேரத்தில் அங்கே உறவே இருக்காது. லூப் திரும்பும் தாமதம் ஒவ்வொன்றிலும் வேறுபட்டால் கணக்கு இன்னும் மோசம்.

வழிகள் மூன்று. நெட்வொர்க் மூலம் ஒன்றையொன்று பின்பற்றும் பிளேயர்கள். ஒன்று தலைமை, மற்றவை தொடர்பவை, நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச். அல்லது ஒரே கணினியில் மூன்று வெளியீடு, படம் 5760×1080 அளவில் ஒரே ஃபைல். அல்லது 3840×2160 ஃபைலுக்குள் நான்கு 1080 பிம்பங்களைக் கட்டம் கட்டி அடைத்து, வீடியோ வால் கன்ட்ரோலரால் பிரிப்பது. கடைசி வழியில் பிம்பங்கள் பிரியவே முடியாது, எல்லாம் ஒரே ஃபிரேமுக்குள் இருப்பதால். நான்கு திரைக்குள் என்றால் எங்கள் விருப்பம் இதுதான்.

பொருந்த வேண்டியதில்லை என்றால் வேண்டுமென்றே வெவ்வேறு நீளம் கொடுங்கள். 7, 11, 13 நிமிட லூப்கள் மூன்றும் ஒன்றாகத் தொடங்கினால் அதே சேர்க்கை திரும்ப வர 1,001 நிமிடம் ஆகும். கண்காட்சி நேரத்தில் ஒரு நாளில் அது திரும்பவே திரும்பாது.

கேபிள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் 4கே சில மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. 1080பி 10 மீட்டர் சுமாருக்குப் போகும். அதற்கு மேல் ஒளியிழை எச்டிஎம்ஐ (இதற்குத் திசை உண்டு, அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள், சுவருக்குள் புதைத்த பிறகு தெரிந்தால் வலிக்கும்) அல்லது எச்டிஎம்ஐ சிக்னலை நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் எச்டிபேஸ்டி கருவியோடு கேட்6 கேபிள். எச்டிபேஸ்டி நெட்வொர்க் கேபிளைப் பயன்படுத்தினாலும் நெட்வொர்க் அல்ல. நடுவில் ஸ்விட்ச் வைத்தால் படம் வராது.

என் படம் 5.1 (ஆறு சேனல்) மிக்ஸ். ஸ்டீரியோ ஸ்பீக்கரில் பேச்சு கேட்கவே இல்லை.

இடது, வலது சேனல்களை மட்டும் யாரோ எடுத்திருக்கிறார்கள். பேச்சு இருப்பது நடுச் சேனலில். முறையாக டவுன்மிக்ஸ் (நடுச் சேனலையும் சேர்த்துக் கலந்து இரண்டாக்குதல்) செய்யுங்கள், அல்லது கேலரிக்கென்று புதிதாக மிக்ஸ் செய்யுங்கள்.

புதிய மிக்ஸே நல்லது, வேறொரு காரணத்துக்காகவும். ஏசியும் புரொஜெக்டர் விசிறியும் சேர்ந்து அறையில் நிற்கும் இரைச்சலைவிடப் பேச்சு சுமார் 15 டெசிபல் மேலே இருந்தால்தான் சிரமமின்றிப் புரியும். திரையரங்கு மிக்ஸில் முணுமுணுப்பும் வெடிச்சத்தமும் அவ்வளவு தூரம் விலகி நிற்கும். முணுமுணுப்பு கேட்கும்படி ஒலியை ஏற்றினால் வெடிச்சத்தம் வரும்போது பக்கத்து அறை கலைஞர் வந்து சண்டை போடுவார். ஏற்ற இறக்கத்தைக் குறைத்து மிக்ஸ் செய்யுங்கள்.

பக்கத்து அறைச் சத்தம் கலப்பதை எப்படித் தடுப்பது?

முழுதாகத் தடுக்க முடியாது. கனமான திரைச்சீலை உச்ச ஒலிகளைத்தான் உறிஞ்சும். தாழ் ஒலி சீலையையும் மெல்லிய தடுப்பையும் சட்டை செய்யாமல் கடந்துவிடும். ஆகவே மிக்ஸிலேயே 80–100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவது முதல் வேலை. லாரி உறுமலும் காற்று மைக்கில் மோதியதும் அங்கேதான் இருக்கின்றன. ஸ்பீக்கரை உட்கார்ந்தவரின் காது உயரத்துக்குக் கொண்டுவந்து அருகில் வைத்தால் குறைந்த ஒலியே போதும். மூலையில் கூரையோரம் மாட்டினால் அறை முழுவதையும் நிரப்ப வேண்டியிருக்கும். தடுப்புச் சுவரை இரட்டைப் பலகையாக, நடுவில் கனிமக் கம்பளி வைத்துக் கட்டுங்கள்.

ஒரே அறையில் இரண்டு படைப்புகள் இருந்தால் ஒன்றுக்குத்தான் திறந்த ஒலி. மற்றது ஹெட்போனில். ஒரு திரைக்கு இரண்டு ஹெட்போன் வையுங்கள், ஜோடியாக வருபவர்கள் முறை வைத்துக் கேட்க மாட்டார்கள். முதலில் பழுதாவது கேபிள் பிளக்கில் நுழையும் இடம். அங்கே இழுவை விழாதபடி கேபிளைத் திரையின் பின்னால் கட்டுங்கள், மாற்று ஹெட்போன்கள் கையிருப்பில் இருக்கட்டும், தினமும் துடைக்கச் சொல்லுங்கள்.

மௌனமான படைப்பு என்றால் பெயர்ப்பலகையில் ‘ஒலி இல்லை’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று நாளுக்குப் பத்துப் பேர் வந்து சொல்வார்கள்.

சப்டைட்டில் எங்கே வர வேண்டும்?

முன்வரிசைத் தலைகளுக்கு மேலே. பிம்பத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 60 செ.மீ. என்றால் உட்கார்ந்தவரின் தலை சப்டைட்டிலை விழுங்கிவிடும். விளிம்பை 100 செ.மீ.க்கு உயர்த்துங்கள், அல்லது வரிகளைப் பிம்பத்துக்குள் மேலே தள்ளுங்கள். பல திரைப் படைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு திரையில் வாசிப்பு வைக்காதீர்கள். கண் ஒன்றைத்தான் வாசிக்கும், மற்ற திரை வீண். பேசுபவர் எந்தத் திரையிலோ அங்கேயே வரி வரட்டும். ஃபைலிலேயே பதித்து எடுங்கள். தனி ஃபைலாக வைத்தால் பிளேயர் தன்னிடமுள்ள எழுத்துருவில் காட்டும், தமிழ் எழுத்து என்றால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் அபாயம் உண்டு.

இருக்கை?

45 செ.மீ. உயர பெஞ்ச், பதினைந்து நிமிடம் வரை. அதற்கு மேல் சாய்மானம். சக்கர நாற்காலி நிற்க, பெஞ்சுக்குப் பக்கத்தில் இடம். பின்னால் ஓரமாக அல்ல.

படத்தில் வருபவர்களிடம் அன்றே ஒப்புதல் வாங்கிவிட்டோம். மறுபடியும் கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். ஆவணப்படக்காரரின் கண்காட்சியில் எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். புரொஜெக்டர் பிரச்சினையை ஒரு நாளில் தீர்த்துவிடலாம், இதைத் தீர்க்க முடியாது.

அவர் ஒப்புக்கொண்டது ஒரு படத்துக்கு. அதில் அவருக்கு முன்னும் பின்னும் பேச்சு இருந்தது, ஏன் அழுதார் என்பதற்குக் காரணம் இருந்தது. கேலரியில் நீங்கள் அந்தப் பேச்சை எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் மூன்று மீட்டர் அகலத்தில், வேகத்தைக் குறைத்து, எட்டு வாரம் ஓடவிடப் போகிறீர்கள். பக்கத்துத் திரையில் அவருக்குத் தெரியாத வேறொருவர் இருப்பார். பார்வையாளர்கள் போனில் எடுத்துப் போடுவார்கள். பிறகு ஒரு சேகரிப்பாளர் அதை விலைக்கு வாங்கலாம். பழைய படிவத்தில் ‘எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரி இருந்தால் சட்டப்படி உங்களுக்குத் தெம்பு இருக்கலாம். அந்த வரியைப் படித்தபோது அவர் மனதில் இருந்தது இது இல்லை.

ஆகவே கேட்கும்போது இவற்றைச் சொல்லிக் கேளுங்கள்: பிம்பம் எவ்வளவு பெரிது, குரல் இருக்குமா, எந்தப் பகுதி, எதற்குப் பக்கத்தில், எத்தனை நாள், விற்பனைக்கு உண்டா, விற்றால் அவருக்கு என்ன. எடிட் செய்த துண்டைக் காட்டுங்கள், போனிலாவது. பெயரை எடுக்கச் சொன்னால் எடுங்கள். அன்று சிறுவராக இருந்து பெற்றோர் கையெழுத்திட்டவர் இன்று பெரியவராகியிருந்தால் அவரிடமே கேளுங்கள். இறந்துவிட்டவர் என்றால் குடும்பத்தாரிடம்.

பிற்பாடு ஒருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அதை மனதில் வைத்து எடிட் செய்யுங்கள்: ஒவ்வொருவரின் பகுதியும் எடுத்துவிட்டாலும் படைப்பு நிற்கும் துண்டாக இருக்கட்டும். விற்பனை ஒப்பந்தத்திலும், கலைஞர் திருத்திய பதிப்பை அனுப்பினால் பழையதை நீக்கிவிட வேண்டும் என்று ஒரு விதி சேருங்கள்.

பழைய செய்திப் படங்கள், பாட்டு ஆகியவற்றின் உரிமை?

ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி வாசியுங்கள். விழாத் திரையிடலுக்கும் தொலைக்காட்சிக்கும் வாங்கிய உரிமத்தில் கேலரிக் காட்சி பெரும்பாலும் வராது, பதிப்பாக (எண்ணிக்கை வரம்பிட்ட பிரதிகளாக) விற்பது நிச்சயம் தனி. காலவரம்பும் இருக்கும். பின்னணியில் ரேடியோவில் ஓடிய பாட்டும் பாட்டுதான். கேட்டு வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதைத் தொடங்குங்கள்.

இருட்டறையில் பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

வெளியேறும் வழிக்கான விளக்கை மறைக்கக் கூடாது, அது எவ்வளவு கண்ணை உறுத்தினாலும். அதன் வெளிச்சம் திரையில் விழாதபடி திரையின் இடத்தை மாற்றுங்கள். சீலை தீப்பிடிக்காத வகையாக இருக்கட்டும். வாசலில் இரண்டு சீலைகளை ஒரு தப்படி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தொங்கவிட்டால் வெளிச்சம் புகாது. நடுவழி சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்கு இருக்க வேண்டும். நடைபாதையில் கேபிள் ஓடினால் மேடு மூடி போடுங்கள், வெறும் டேப் ஒரு வாரத்தில் உரியும். படைப்பில் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் பகுதி இருந்தால் வாசலுக்கு வெளியே எச்சரிக்கை எழுதுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு உள்ளே வந்தபின் வாசிக்கும் எச்சரிக்கையால் பயன் இல்லை. வன்முறைச் சாட்சியங்களுக்கும் அப்படியே.

காலையில் திறப்பவருக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்?

ஒரு பக்கத் தாள் எழுதுங்கள், படத்தோடு. முதலில் புரொஜெக்டர், ஒரு நிமிடம் கழித்துப் பிளேயர், கடைசியில் ஸ்பீக்கர். பிளேயர் முதலில் எழுந்தால் எதிரே திரை இல்லை என்று நினைத்து வெளியீட்டையே நிறுத்திவிடும் அல்லது தவறான அளவில் அனுப்பும். பிளேயரில் அளவை நிலைநிறுத்திவைப்பதும் திரை இணைந்திருப்பதாகவே பிளேயருக்குக் காட்டும் இ.டி.ஐ.டி. எமுலேட்டர் ஒன்றைச் செருகுவதும் இதற்குத் தீர்வு. மூடும்போது முதலில் ஸ்பீக்கர். புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து விசிறி நின்றபின்தான் மின்சாரம். மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகும் பழக்கம் விளக்கு வைத்த புரொஜெக்டரைக் கொல்லும்.

தாளில் இன்னும் மூன்று வேண்டும்: சரியாக ஓடும்போது ஒவ்வொரு திரையும் எப்படி இருக்கும் என்ற புகைப்படம், ஆம்ப்ளிஃபையர் குமிழின் நிலைக்கு டேப்பில் ஒரு குறி, கெட்டுப்போனால் அழைக்க வேண்டிய எண். திறந்தபின் ஒருவர் ஒவ்வொரு அறையிலும் ஒரு முழு நிமிடம் நின்று பார்க்கட்டும். பிளேயருக்கும் பென்டிரைவுக்கும் அச்சாக இன்னொரு பிரதி மேசை இழுப்பறையில் இருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

திறப்புவிழாவுக்கு முன் இரண்டு முழு நாள் விடாமல் ஓட்டிப் பாருங்கள். சூடு, கடிகார விலகல், தானாக அணைதல் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்தில் முகம் காட்டாது.

பதிப்பாக விற்பது எப்படி?

வழக்கமாக 3 அல்லது 5 பிரதி, கூடவே கலைஞரின் பிரதி ஒன்றோ இரண்டோ. வாங்குபவருக்குப் போவது: மாஸ்டர் ஃபைல், காட்சிக்கான ஃபைல், கையெழுத்திட்ட சான்றிதழ், நிறுவல் கையேடு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது கையேட்டில் திட்டவட்டமாக இருக்க வேண்டும். ‘பிம்பம் 2.5 முதல் 4 மீட்டர் அகலம், தரையைத் தொடக் கூடாது, இரண்டு திரைக்கும் நடுவே 20 செ.மீ., டிவியில் காட்டக் கூடாது’ என்பதுபோல. ‘சூழலுக்கு ஏற்ப’ என்று மட்டும் எழுதினால் உங்கள் படைப்பு ஒரு வரவேற்பறைத் தூணில் போய் நிற்கும். அதே படம் திரைவிழாக்களிலும் இணையத்திலும் ஓடுமா என்பதையும் ஒப்பந்தத்திலேயே சொல்லிவிடுங்கள். அரிதானது என்று வாங்கியவர் அதை இணையத்தில் இலவசமாகப் பார்த்தால் மனக்கசப்பு வரும்.

கண்காட்சி முடிந்தபின் என்னென்ன செய்ய வேண்டும்?

கேலரியின் கணினியிலும் பிளேயர்களிலும் உள்ள பிரதிகளை அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். மாஸ்டர் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு கட்டடத்தில். ஒவ்வொன்றுக்கும் ஷா-256 கையொப்ப எண்ணைக் கணக்கிட்டு ஒரு உரைக் கோப்பில் எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். எண் மாறியிருந்தால் அந்தப் பிரதி கெட்டிருக்கிறது, நல்ல பிரதியிலிருந்து மாற்றுங்கள். எடிட்டிங் புராஜெக்டைத் திறக்கும் மென்பொருள் பத்து ஆண்டுக்குப் பின் இருக்கும் என்று நம்பாமல், ஒலியைத் தனித்தனி தடங்களாகவும் சப்டைட்டிலைத் தனி உரையாகவும் எடுத்து வையுங்கள்.

பிரிப்பதற்கு முன் அறையைப் பதிவு செய்யுங்கள்: நான்கு மூலையிலிருந்தும் புகைப்படம், வாசலிலிருந்து நடந்து வரும் ஒரு வீடியோ, டேப் பிடித்து எடுத்த அளவுகள், ஒவ்வொரு கருவியின் மாடல் எண், மெனு அமைப்புகளின் படம், பெஞ்சில் உட்கார்ந்த இடத்தில் டெசிபல் மீட்டர் காட்டிய எண். ஏணி இன்னும் அங்கேயே இருக்கும் அன்றைக்கு இதெல்லாம் அரை நாள் வேலை.